ப்ளூஸ் இசையும் மின்சாரமும்

ராக் இசை யாண்டுத் தோன்றிற்று என வினவுவார்க்கு இங்கிலாந்தின் இசைக்குழுக்களையே பலரும் சுட்டுவர். அவ்விடை பொருந்தாதென்பது எம் கருத்து. அதன் வேரைக் காண விழைவார், ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலுள்ள மிசிசிப்பி மாகாணத்துப் பருத்தி வயல்களினின்று தொடங்குதல் வேண்டும்.

அடிமைத்தளை 1865-இல் சட்டத்தால் அறுபட்ட பின்னரும் அவ்வயல்களில் உழைத்த கறுப்பின மக்களின் வறுமை நீங்கிற்றில்லை. அவர்தம் துயரும் காதலும் நகையும் கலந்து பிறந்ததே ப்ளூஸ் என்னும் பாட்டு. அதன் யாப்பு மிக எளியது. முதலடியைப் பாடுவர்; அதனையே பெரும்பாலும் மீண்டும் பாடுவர்; மூன்றாம் அடியில் அதற்கு விடை கூறுவர். அவ்விடையை எதிர்நோக்கிக் காத்திருக்குங் காலத்திலேதான் பாட்டின் சுவை தங்கியிருக்கிறது. குரல் ஓய்ந்தவிடத்துக் கித்தார் மறுமொழி பேசும். இறைப்பற்று மிக்க இல்லங்கள் பல இதனைச் சாத்தானின் பாட்டென ஒதுக்கின. ஆயினும் ஆலயப் பாட்டின் நெளிவுகள் ப்ளூஸ் பாடுவோர் குரலிலும் கேட்கின்றன என்பதை மறுத்தற்கில்லை.

1941-ஆம் ஆண்டில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருட்டு நாட்டுப் பாடல்களைத் தொகுக்க வந்த ஆலன் லோமாக்ஸ், ஜான் வொர்க் என்னும் இருவர், ஸ்டோவல் பண்ணையில் ஓர் உழவர் பாடக் கேட்டுப் பதிவு செய்தனர். அவரே மட்டி வாட்டர்ஸ். கலங்கல் நீர் எனப் பொருள்படும் அப்பெயர் இளமையில் அவர்க்கு இடப்பட்டது. 1943-இல் அவர் பண்ணையை விட்டுச் சிக்காகோ நகரம் புகுந்தார். அந்நூற்றாண்டில் 1970 வரையில் இவ்வாறு தெற்கினின்றும் பிற பகுதிகளுக்குப் பெயர்ந்த கறுப்பின மக்கள் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் என்ப.

சிக்காகோவில் அவர் பாடிய இடங்கள் மதுக்கடைகள். வேலை முடித்து வந்தோரின் பேச்சும் நகைப்பும் கலங்களின் ஓசையும் மலிந்த அவ்விடத்து மரக் கித்தாரின் மெல்லொலி எவர் செவிக்கு எட்டும்? ஆதலின் அவர் மின்கித்தாரைக் கைக்கொண்டார். அக்கருவியில் எஃகுத் தந்திகளின் கீழே, காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள் உண்டு. தந்தி அதிருங்கால் அச்சுருளில் சிறு மின்னோட்டம் எழும்; வெற்றிடக் குழாய்களையுடைய ஒலிபெருக்கி அதனை வலுவாக்கும். இதுவரை கூறியது பௌதிக மாணவர்க்குப் புதிதன்று. தாங்கும் அளவிற்கு மேல் அக்குழாயை உழைக்கச் செய்தால் ஒலியலையின் உச்சி மழுங்கி, இசை கரகரக்கும். பொறிஞர்க்கு அது பிழை. பாடகர்க்கோ அது புதியதொரு குரல். மட்டி வாட்டர்ஸின் தோழராகிய லிட்டில் வால்டர், ஹார்மோனிக்காவையும் ஒலிவாங்கியையும் ஒருங்கே கைக்குள் பொத்தி ஊதினார். அச்சிறு கருவி பெரியதோர் ஊதுகுழலென முழங்கிற்று. 1952-இல் அவர் வெளியிட்ட ‘ஜூக்’ ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைத்தட்டுகளின் பட்டியலில் முதலிடம் பெற்றது. உரக்கக் கேட்பித்தற்கென வந்த மின்சாரம் இசையின் இயல்பையே மாற்றிவிட்டது.

இவ்விசையைத் தட்டுகளாக்கி விற்றவர், போலந்திலிருந்து குடியேறிய செஸ் சகோதரர் இருவர். மட்டி வாட்டர்ஸ் வழிகாட்ட, 1955-இல் அவர்களை அடைந்த சக் பெரி, ‘மேபலீன்’ என்னும் விரைந்த பாட்டால் ராக் அண்ட் ரோல் இசைக்கு வாயில் திறந்தார்.

1958-இல் மட்டி வாட்டர்ஸ் இங்கிலாந்து சென்று பாடியபோது, நாட்டுப்புறப் பாடகரை எதிர்நோக்கியிருந்தோர் சிலர்க்கு அம்மின்னொலி மிகையெனத் தோன்றிற்று. இளைஞர் சிலரோ செஸ் தட்டுகளைத் தேடிப் பெற்றனர். 1961-இல் டார்ட்ஃபோர்ட் புகைவண்டி நிலையத்தில் மிக் ஜாகர் கையிலிருந்த அத்தகைய தட்டுகளைக் கண்டே கீத் ரிச்சர்ட்ஸ் அவரோடு நட்புக் கொண்டார். மறு ஆண்டில் அவர்கள் தொடங்கிய ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பெயர், மட்டி வாட்டர்ஸ் 1950-இல் வெளியிட்ட பாட்டின் பெயரே. 1965-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி தம்மை அழைத்தபோது, ஹௌலின் உல்ஃப் என்னும் ப்ளூஸ் பாடகரையும் அழைக்க வேண்டுமென அவர்கள் வற்புறுத்தினர். தன் மண்ணின் பாடகரை அந்நாடு அயலார் வாயிலாக அறிய நேர்ந்ததை என்னென்பது!

எல்லாரும் அங்ஙனம் கடனை ஒப்பினாரல்லர். ஒருவர் அடியை மற்றொருவர் எடுத்தாளுதல் ப்ளூஸ் மரபிற்கு உரியதே. ஆனால் எடுத்தவர் பெருஞ்செல்வராகவும் இயற்றியவர் பெயரின்றியும் நின்றால் அதனை மரபென்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. லெட் ஸெப்பலின் குழுவின் 1969-ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் சொற்கள், மட்டி வாட்டர்ஸுக்கென வில்லி டிக்ஸன் இயற்றிய பாட்டை ஒத்திருந்தன. டிக்ஸன் 1985-இல் வழக்குத் தொடுத்தார். 1987-இல் உடன்பாடு ஏற்பட்டது. பின்னர் அப்பாட்டில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. தம்மைப் போன்ற முதிய பாடகர்கள் தமக்குரிய ஊதியத்தைப் பெறுதற்கு உதவ அவர் ஓர் அறக்கட்டளை நிறுவினார். செஸ் சகோதரரின் பழைய பதிவுக்கூடம் இருந்த, சிக்காகோவின் தென் மிச்சிகன் வீதி 2120-ஆம் எண் கட்டடத்தை, அவர் மறைந்த பின்னர் 1993-இல் அவர் மனைவியார் விலைக்கு வாங்கினார். அவ்வறக்கட்டளையின் இல்லமாக அது 1997-இல் திறக்கப்பெற்றது.