ஒசாகாவில் ஒரு வீடு

திரு குமரனும் அவருடைய மனைவி திருமதி மாலதியும் சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் வசித்தவர்கள். குமரனின் நிறுவனம் அவரை ஈராண்டுப் பணிக்காக ஜப்பானின் ஒசாகா நகருக்கு அனுப்பியது. தொடக்கப்பள்ளித் தமிழாசிரியரான மாலதி, நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு கணவருடன் சென்றார். நாள் முழுவதும் வகுப்பறையில் பேசிப் பழகியவர் அவர். ஒசாகாவிலோ பேச ஆளில்லை. ஆள் கிடைத்தாலும் பேச மொழியில்லை.

முதல் குழப்பம் மின்படியில் தொடங்கியது. சிங்கப்பூரில் நாம் மின்படியின் இடப்பக்கத்தில் நின்றுகொண்டு, வலப்பக்கத்தை நடப்பவர்களுக்கு விட்டுவிடுவோம். தோக்கியோவிலும் அப்படித்தான். ஒசாகாவில் எல்லாம் தலைகீழ்! அது தெரியாமல் குமரன் இடப்பக்கத்தில் தூணைப்போல் நின்றார். அவருக்குப் பின்னால் அலுவலகம் செல்வோரின் நீண்ட வரிசை. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“என்னங்க, இந்த ஊர் மக்களுக்கு எவ்வளவு பொறுமை!” என்று வியந்தார் மாலதி.

“பொறுமை இல்லை, மாலதி. நான் வழிமறித்து நிற்கிறேன்!” என்று சொல்லிக்கொண்டே குமரன் வலப்பக்கம் தாவினார்.

அடுத்த சிக்கல் குப்பை. ஈசூன் வீட்டில் எதையும் பையில் கட்டிக் குப்பைக் குழாயில் போட்டால் வேலை முடிந்தது. ஒசாகாவில் எரிக்கும் குப்பைக்கு ஒரு நாள், டின்னுக்கும் போத்தலுக்கும் இன்னொரு நாள், நெகிழி உறைகளுக்கு வேறொரு நாள். பைக்குள் இருப்பது வெளியே தெரியவும் வேண்டும். மாலதி எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் கட்டி வைத்தார். மாலையில் அழைப்புமணி ஒலித்தது. பக்கத்து வீட்டு மூதாட்டி அந்தப் பையோடு நின்றிருந்தார்! அவர் குனிந்து வணங்கி, பையை நீட்டி, ஏதோ சொல்லிவிட்டுச் சென்றார். மறுவாரமும் அதே பை, அதே வணக்கம். இம்முறை ஒரு தாளும் இருந்தது. மீன்முள், போத்தல், பால் பெட்டி என்று படம் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே கிழமையைக் குறித்திருந்தார்.

குமரனுக்குச் சிரிப்பு வந்தது. மாலதிக்குக் கண்ணீர்தான் வந்தது. “முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தவள் நான். குப்பை போடக்கூடத் தெரியாதவள் என்று அந்தப் பாட்டி நினைத்துவிட்டார். நான் ஊருக்கே போய்விடுகிறேன்” என்றார்.

அவரை உற்சாகப்படுத்தவே அந்த ஞாயிற்றுக்கிழமை குமரன் நாரா நகருக்கு அழைத்துச் சென்றார். ஒசாகாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்குள்ள பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் கட்டின்றித் திரிகின்றன. அவற்றுக்கென விற்கப்படும் பிஸ்கட்டைக் காட்டினால், சில மான்கள் தலை தாழ்த்தி வணங்கும். குமரனும் பதிலுக்கு வணங்கினார். அவர் நிமிர்வதற்குள் மற்றொரு மான், பின்னாலிருந்து அவரது சட்டைப்பையை இழுத்து நகரப் படத்தைப் பாதி தின்றுவிட்டது. பல வாரங்களுக்குப் பிறகு மாலதி வாய்விட்டுச் சிரித்தார்.

பூங்காவை அடுத்த தோதாய்ஜி கோயிலில் ஏறக்குறைய 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தர் வீற்றிருக்கிறார். 752ஆம் ஆண்டில் அச்சிலைக்குக் கண்திறப்புச் சடங்கை நடத்தியவர் இந்தியாவிலிருந்து வந்த போதிசேனர் என்னும் துறவி. கோயில் தூண் ஒன்றின் அடியில் ஒரு துளை உண்டு. அதனுள் நுழைந்து வெளியே வருவோருக்கு நல்லது நடக்குமாம். பிள்ளைகள் எளிதாக நுழைந்து வந்தார்கள். குமரன் துளையைப் பார்த்தார், தம் வயிற்றையும் பார்த்தார், பேசாமல் நகர்ந்துவிட்டார்.

திரும்பும் வழியில் மாலதி சிந்தனையில் ஆழ்ந்திருந்தார். “அந்தத் துறவி இங்கே வந்தபோது அவருக்கும் மொழி புதிதாகத்தானே இருந்திருக்கும்?” என்றார். மறுநாளே தொண்டூழியர்கள் நடத்திய மொழி வகுப்பில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. ‘கோஹன் ஓ தாபேமாசு’ என்றால் ‘சோற்றைச் சாப்பிடுகிறேன்’. சொற்கள் தமிழில் வரும் அதே வரிசையில் வந்தன. ‘ஓ’ என்பது நம் ‘ஐ’ உருபைப் போன்றது. இறுதியில் ‘கா’ சேர்த்தால் வினா. நாம் ‘ஆ’ சேர்ப்பதைப்போல! இவ்வொற்றுமைகளை ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அவர் கண்ட முடிவுகளை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. ஆனால், மாலதிக்கு அந்த ஒரு ‘கா’ போதுமானதாக இருந்தது.

ஒருநாள் மாலை, சூடான உளுந்துவடைகளை ஒரு டப்பாவில் அடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

“தாபேமாசு கா?”

மூதாட்டியின் கண்கள் விரிந்தன. அங்கேயே ஒரு வடையைக் கடித்துப் பார்த்துவிட்டு, கடகடவென்று பேசத் தொடங்கினார். அவற்றில் மாலதிக்குப் புரிந்தவை இரண்டே சொற்கள்.

மறுநாள் காலையில் டப்பா வாசலுக்குத் திரும்பி வந்தது. உள்ளே நெகிழி உறையில் சுற்றிய அரிசிமாவு இனிப்புகள் இருந்தன. அந்த உறையை எந்தக் கிழமையில் வீச வேண்டும் என்பதையும் மூதாட்டி மறக்காமல் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்.