மைனஸ் 30க்கு உங்கள் பிக்அப் தயாரா?

ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் பல வருடங்கள் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல இப்போது எட்மன்ரன், கல்கரி, வினிப்பெக் என்று மேற்கே நகர்கின்றன. வீட்டு விலை ஒரு காரணம், வேலை இன்னொரு காரணம். அங்கே போனதும் முதன்முறையாகப் பிக்அப் வாங்குபவர்களும் உண்டு. கட்டட வேலைக்கும் பொருள் ஏற்றி இறக்கவும் அதைவிட வசதியான வாகனம் இல்லை. ஆனால் வாகனத்தைக் குளிருக்குத் தயார்செய்யும் விதம் மட்டும் ரொறன்ரோவில் பழகியபடியே இருந்துவிடுகிறது.

ரொறன்ரோவில் ஜனவரி மாத இரவு வெப்பநிலை சராசரியாக மைனஸ் 7 பாகை அளவில் இருக்கும். வினிப்பெக்கில் அதே சராசரி மைனஸ் 20ஐத் தாண்டிவிடுகிறது. கடுங்குளிர் அலை வந்தால் அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான், மனிற்றோபா என்ற சமவெளி மாகாணங்கள் மூன்றிலும் மைனஸ் 35, மைனஸ் 40 என்று நாட்கணக்கில் நீடிக்கும். மைனஸ் 10இல் சின்னக் குறையாக இருப்பது மைனஸ் 30இல் வாகனத்தை அசையவிடாது. வேலைக்குப் போகும் அதிகாலை ஐந்து மணிக்குத்தான் அது தெரியவரும். அதனால் கீழே சொல்லும் வேலைகளை ஒக்டோபரிலேயே செய்துவிடுங்கள்.

முதலில் பற்றரி

குளிர்காலக் காலையில் வாகனம் ஸ்ராட் ஆகாமல் நிற்பதற்கு முதற்காரணம் பற்றரிதான். மைனஸ் 18 பாகையில் சாதாரண ஈய அமிலப் பற்றரியின் வலு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதே நேரத்தில் ஒயில் தடித்துப்போவதால் எஞ்சினைச் சுழற்றுவதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் வலு வேண்டும்.

பற்றரியின் மேல் சி.சி.ஏ. என்று ஓர் எண் போட்டிருக்கும். மைனஸ் 18 பாகையில் 30 விநாடிகளுக்கு அது எத்தனை அம்பியர் மின்சாரம் தரும் என்பதே அந்த எண். புதுப் பற்றரி வாங்கும்போது உங்கள் வாகனக் கைநூல் சொல்லும் அளவுக்குக் குறையாமல் வாங்குங்கள். அதே அளவுப் பெட்டியில் கூடுதல் எண் கிடைத்தால் அதையே எடுங்கள்.

இரவு முழுக்க நிறுத்தியிருந்த வாகனத்தின் பற்றரியை ஒரு மீற்றரால் அளந்து பாருங்கள். 12.6 வோல்ற் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. நான்கு, ஐந்து வயதான பற்றரியைக் கராஜில் கொடுத்துச் சுமைப் பரிசோதனை செய்வியுங்கள். டீசல் பிக்அப்களில் பெரும்பாலும் இரண்டு பற்றரிகள் இருக்கும். ஒன்று பழுதானால் மற்றதையும் அது இழுத்து விழுத்தும் என்பதால் இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். முழுச் சார்ஜில் உள்ள பற்றரி மைனஸ் 50இலும் உறையாது. சார்ஜ் இறங்கிய பற்றரியோ மைனஸ் 10க்கு அண்மையிலேயே உறைந்துவிடும். பக்கங்கள் வீங்கி, உறைந்திருப்பதுபோல் தெரிந்தால் அதற்கு வயர் கொழுவி ஸ்ராட் பண்ண முயலாதீர்கள், வெடிக்கக்கூடும்.

புளொக் ஹீற்றர்

எட்மன்ரனிலும் வினிப்பெக்கிலும் வாகனத் தரிப்பிடங்களில் வரிசையாக மின்செருகிகள் நிற்பதைக் காணலாம். புளொக் ஹீற்றருக்காகவே அவை இருக்கின்றன. எஞ்சினில் பொருத்தியிருக்கும் இந்தச் சிறு சூடாக்கி கூலன்றைச் சூடாக்கி, எஞ்சின் முழுவதையும் வெதுவெதுப்பாக வைத்திருக்கும். வட டக்கோட்டாவைச் சேர்ந்த அன்ட்ரூ ஃபிறீமன் 1949இல் இப்படியொரு ஹீற்றருக்குக் காப்புரிமை பெற்றார். சமவெளிக் குளிரில் வாழ்ந்த ஒருவரே கண்டுபிடித்த தீர்வு இது.

ஒன்ராறியோவில் வாங்கிய வாகனத்தில் புளொக் ஹீற்றர் இல்லாமலே இருக்கலாம். சில பிக்அப்களில் எஞ்சினுக்குள் ஹீற்றர் இருக்கும், வெளியே வரும் வயர் மட்டும் பூட்டப்படாமல் இருக்கும். முன் கிறிலுக்குப் பின்னால் செருகி தொங்குகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மெக்கானிக்கிடம் சொல்லிப் பூட்டிக்கொள்ளுங்கள்.

மைனஸ் 15க்குக் கீழே போகும் இரவுகளில் ஹீற்றரைக் கொழுவ வேண்டும். ஆனால் இரவு முழுக்க ஓடவிடத் தேவையில்லை. புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகச் சூடாகத் தொடங்கினால் சாதாரண வாகனத்துக்குப் போதும், பெரிய டீசல் எஞ்சினுக்கு மூன்று, நான்கு மணி நேரம் வேண்டும். வெளியில் பாவிக்கக்கூடிய ரைமர் ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள். 750 வாற் ஹீற்றர் பத்து மணி நேரம் ஓடினால் ஏழரை அலகு மின்சாரம். மூன்று மணி நேரம் என்றால் இரண்டேகால் அலகுதான். பணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2024 ஜனவரி 13ஆம் திகதி மாலை, கடுங்குளிரில் மின்தேவை உச்சத்துக்குப் போனபோது, மின்பாவனையை உடனே குறைக்கும்படி அல்பேர்ட்டா மக்களின் கைபேசிகளுக்கு அவசர எச்சரிக்கை வந்தது. அப்படியான மாலைகளில் ஹீற்றர் ஓடாமல், விடிகாலையில் மட்டும் ஓடுவது எல்லோருக்கும் நல்லது.

எக்ஸ்ரென்ஷன் வயர் தடித்ததாக, வெளியிடப் பாவனைக்கு உரியதாக இருக்கட்டும். வீட்டுக்குள் விளக்குக்குப் போடும் மெல்லிய வயர் சூடாகித் தீப்பிடிக்கலாம். காலையில் வயரைக் கழற்ற மறந்து வாகனத்தை எடுப்பது எல்லோருக்கும் நடக்கக்கூடியது. வயரின் நுனியை ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் சுற்றிவிட்டால் கண்ணில் படாமல் போகாது.

ஒயிலும் கூலன்றும்

ஒயில் போத்தலில் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்றெல்லாம் எழுதியிருக்கும். டபிள்யூவுக்கு முன்னாலுள்ள எண் குளிருக்கு உரியது. எண் குறையக் குறைய, குளிரில் ஒயில் இலகுவாக ஓடும். 15டபிள்யூ ஒயில் மைனஸ் 20இல் எஞ்சின் சுழல்வதற்கு ஏற்றதாகச் சோதிக்கப்படுகிறது. 5டபிள்யூவுக்கு அந்த அளவு மைனஸ் 30, 0டபிள்யூவுக்கு மைனஸ் 35. கோடையில் 15டபிள்யூ-40 போட்ட டீசல் வண்டிக்குக் குளிர் வருமுன் 5டபிள்யூ-40 செயற்கை ஒயில் மாற்றுங்கள். எந்த ஒயில் என்றாலும் கைநூல் அனுமதிக்கும் வகைதான் போட வேண்டும்.

கூலன்றைப் பொறுத்தவரை ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் உறையவே உறையாது என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. கூலன்றின் மூலப்பொருளான எதிலீன் கிளைகோல், தண்ணீர் கலக்காவிட்டால் மைனஸ் 13 பாகை அளவிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். கிளைகோல் 60, தண்ணீர் 40 என்றால் மைனஸ் 50 வரை தாங்கும். சமவெளி மாகாணங்களுக்கு இந்த 60-40 கலவை பொருத்தமானது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது வீதம் விரியும், அந்த விரிவு எஞ்சின் இரும்பையே பிளந்துவிடும். கோடையில் குறைந்த கூலன்றுக்குப் பச்சைத் தண்ணீர் விட்டு நிரப்பியிருந்தால் ஒக்டோபரில் கட்டாயம் பரிசோதியுங்கள். பழையதை மாற்றும்போது நிலத்தில் சிந்தவிடாதீர்கள். அது இனிக்கும். குழந்தையோ நாயோ நக்கினால் உயிராபத்து.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

குளிரில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைவதுபோல டீசலில் உள்ள மெழுகும் திரளும். திரண்ட மெழுகு ஃபில்ரரை அடைத்துவிட்டால் எஞ்சின் நின்றுவிடும். சமவெளி மாகாணங்களின் எரிபொருள் நிலையங்களில் குளிர்காலத்தில் அதற்கேற்ற டீசலே விற்பார்கள். வெப்பமான காலத்தில் நிரப்பிய டீசல் இன்னும் தாங்கியில் கிடந்தால்தான் ஆபத்து. அதை ஓடி முடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். மெழுகு திரளாமல் தடுக்கும் கலவைகள் கடைகளில் உண்டு. டீசல் இறுகுவதற்கு முன்னரே அதை ஊற்றிவிட வேண்டும், இறுகிய பிறகு ஊற்றிப் பயனில்லை. ஃபில்ரரில் சேர்ந்த தண்ணீரையும் குளிர் தொடங்குமுன் வடித்துவிடுங்கள்.

புகையைச் சுத்திகரிக்க ஊற்றும் டெஃப் திரவம் மைனஸ் 11இல் உறையும். அதற்காகப் பதற்றப்பட வேண்டாம். அதன் தாங்கியில் சூடாக்கி இருக்கிறது, உறைந்த நிலையிலும் வாகனம் ஸ்ராட் ஆகும். உருகிய பின் தரமும் கெடாது. உறையாமல் இருக்க வேறு எதையாவது அதில் கலப்பதுதான் பெரும் செலவில் கொண்டுபோய் விடும்.

பெற்றோல் வண்டியோ டீசல் வண்டியோ, தாங்கி எப்போதும் பாதிக்குமேல் இருக்கட்டும். வழியில் சிக்கினால் அந்த எரிபொருள்தான் உங்களைச் சூடாக வைத்திருக்கும்.

ரயர்

ஓல்-சீசன் ரயரின் இறப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கிப் பிடிப்பை இழக்கிறது. குளிர்கால ரயர் அந்தக் குளிரிலும் மென்மையாக இருக்கும். ரயரின் பக்கத்தில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் வரைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எம்+எஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் அது பனியில் சோதித்துப் பெற்ற தகுதி அல்ல.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான், மனிற்றோபாவில் அப்படிச் சட்டம் இல்லை. சட்டம் இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள். இரண்டுக்கு மட்டும் போட்டால் வளைவில் ஒரு முனை பிடிக்க, மறுமுனை வழுக்கும்.

வெப்பநிலை ஐந்தரைப் பாகை குறைய, ரயரில் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. காற்று அழுத்தம் குறையும். செப்டெம்பரில் சரியாக இருந்த ரயர் ஜனவரியில் ஏழெட்டு பி.எஸ்.ஐ. குறைந்து நிற்கும். மாதம் ஒருமுறை, வாகனம் ஓடுவதற்கு முன், கதவு விளிம்பில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள்.

வெறும் பின்பெட்டி

பிக்அப்புக்கே உரிய பலவீனம் இது. எஞ்சினின் எடை முழுவதும் முன்னால், பின்பெட்டியோ வெறுமை. பின்சக்கரத்தால் ஓடும் வண்டி என்றால் வழுக்குப் பாதையில் பின்பக்கம் எளிதாகச் சறுக்கும். நூறு முதல் நூற்றைம்பது கிலோ மணல் மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர்மேலே வைத்துப் பட்டியால் இறுகக் கட்டுங்கள். பின்கதவை ஒட்டி வைத்தால் முன்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். கட்டாமல் விட்டால், திடீரென்று பிரேக் பிடிக்கும்போது மூட்டை முன்னால் பாயும். உலர்ந்த மணலாக இருக்கட்டும். ஈரமணல் கல்லாக உறைந்துவிடும், சிக்கிய சக்கரத்துக்குக் கீழே தூவவும் உதவாது. பெட்டியில் விழுந்து கிடக்கும் பனியை எடைக்காக விட்டுவைக்காதீர்கள். அது உருகி உறைந்து, காற்றில் பறந்து பின்னால் வருபவரின் கண்ணை மறைக்கும்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள பிக்அப் என்றால் குளிர் தொடங்குமுன் அதைப் போட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் பாவிக்காமல் விட்டால் வேண்டிய நேரத்தில் இறுகி நிற்கும். தேவையானபோது மட்டும் போடும் வகையை உலர்ந்த வீதியில் போட்டு ஓடினால் பற்சக்கரங்கள் பழுதாகும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: நான்கு சக்கர இயக்கம் புறப்பட உதவும், நிறுத்த உதவாது. பனியில் பிரேக் பிடிக்கும் தூரத்தை அது ஓர் அடிகூடக் குறைப்பதில்லை.

கண்ணாடி, கதவு, அடிப்பாகம்

கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 தாங்குவதாக வாங்குங்கள். கோடைத் திரவத்தை முழுதாகத் தெளித்து முடித்துவிட்டே புதியதை ஊற்ற வேண்டும். கடுங்குளிரில் உப்பு பனியை உருக்காது என்பதால் சமவெளி வீதிகளில் மணலும் சிறுகல்லும் கொட்டுவார்கள். அவை தெறித்து முன்கண்ணாடியில் பொட்டு விழும். உள்ளே சூடு, வெளியே மைனஸ் 30 என்று வரும்போது அந்தப் பொட்டு வெடிப்பாக ஓடும். உடனே அடைத்துவிடுங்கள். உறைந்த கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றுவதும் அதே ஆபத்துத்தான். கதவு இறப்பர்களுக்குச் சிலிக்கோன் பூசினால் ஒட்டி உறையாது.

மைனஸ் 10 அளவிலான நாட்களிலும் நெடுஞ்சாலைகளிலும் உப்பு உண்டு. பிக்அப்பின் சட்டமும் பிரேக் குழாய்களும் அடியில் திறந்தபடி இருப்பதால் துரு அங்கேதான் தொடங்கும். குளிருக்கு முன் அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்பு ஒயில் அடித்துவிடுங்கள். வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஏறும் நாட்களில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள்.

வழியில் சிக்கினால்

மண்வெட்டி, கம்பளி, பற்றரிக்குக் கொழுவும் வயர், கயிறு, கைவிளக்கு, மாற்றுக் கையுறை, உலர்ந்த உணவு ஆகியவற்றை இருக்கைக்குப் பின்னால் வையுங்கள். பின்பெட்டியில் வைத்தால் பனிக்குள் புதைந்துவிடும். புயலில் வாகனம் நின்றுவிட்டால் இறங்கி நடக்காதீர்கள். வாகனத்தைத் தேடிப் பிடிப்பது எளிது, பனியில் நடக்கும் மனிதனைத் தேடுவது கடினம். மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு உடலைச் சூடாக்குங்கள். ஒவ்வொரு முறையும் புகைக்குழாயைச் சுற்றிய பனியை முதலில் அகற்றுங்கள். காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது திறந்துவையுங்கள். குழாய் அடைபட்டால் காபனோரொட்சைட்டு உள்ளே வரும். அதற்கு மணமில்லை, உறக்கத்திலேயே உயிர் போய்விடும். அதே காரணத்தால் பூட்டிய கராஜுக்குள் எஞ்சினை ஒருபோதும் சூடாக்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யக் கையில் பணம் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் முதலில் ரயர், அடுத்தது பற்றரி, மூன்றாவது புளொக் ஹீற்றர். மற்றவை பெரும்பாலும் சில பத்து டொலர்களிலும் ஒரு சனிக்கிழமை உழைப்பிலும் முடிந்துவிடும். ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி தெரிவித்தல் நாளைக் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் முதல் பனி விழுந்த மறுநாள் ரயர்க் கடைகளில் வரிசை வாரக்கணக்கில் நீளும். உங்கள் வண்டியை முடித்த பிறகு, இந்த வருடம்தான் ஒன்ராறியோவிலிருந்தோ ஊரிலிருந்தோ வந்த குடும்பம் பக்கத்தில் இருந்தால் அவர்களின் வண்டியையும் ஒருதடவை பார்த்துக்கொடுங்கள். மைனஸ் 30 எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது.