தொட்டறியும் நுண்ணோக்கி

கன்னியாகுமரி மாவட்டத்தின் கீரிப்பாறை, குலசேகரம் பகுதிகளில் பொழுது புலருமுன்பே இரப்பர் மரங்களில் பால்வெட்டுத் தொடங்கிவிடும். பட்டையைச் சீவும் கத்தி உள்ளிருக்கும் வளர்திசுவைத் தீண்டிவிடக் கூடாது. இடையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டை எஞ்சவேண்டும். அந்த அளவைக் கண் காண்பதில்லை, கையே உணர்கிறது. வெட்டிய தடத்தில் தங்கிய பால் மறுநாள் மெல்லிய படலமாக உலர்ந்திருக்கும். அதனை ஒட்டுப்பால் என்பர்.

இரப்பர் பால் கரைசலன்று. நீரில் மிதக்கும் நுண்துகள்களின் திரள். ஒவ்வொரு துகளுக்குள்ளும் ஐசோபிரீன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நெடுஞ்சங்கிலிகள் சுருண்டு கிடக்கின்றன. இவ்வாறு கோத்த பொருளே பலபடி. துகளின் மேல் புரதமும் கொழுப்பும் போர்த்தியிருக்கின்றன. நீர் ஆவியாக ஆவியாகத் துகள்கள் நெருங்கி, நசுங்கி, ஒன்றோடொன்று கலக்கின்றன. அவற்றின் எல்லைகள் முற்றும் மறைந்தனவா, இடைவெளி ஏதும் எஞ்சியதா? அறுவை அரங்கில் இஃது உயிர் பற்றிய வினா. மருத்துவர் அணியும் இரப்பர் கையுறையும் இவ்வாறு உலர்ந்த படலமே. நோய் பரப்பும் வைரசுகள் பலவற்றின் அளவோ 100 நானோமீட்டர் அளவினது.

சாதாரண ஒளி நுண்ணோக்கி 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. 1981இல் கெர்டு பின்னிக், ஹைன்ரிச் ரோரர் ஆகியோர் சூரிச் அருகே ஐ.பி.எம். ஆய்வகத்தில் உருவாக்கிய ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கி அணுக்களையே காட்டியது. ஆனால், அதற்கு மின்னோட்டம் வேண்டும்; இரப்பரோ மின்கடத்தாப் பொருள். 1986இல் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோப் கெர்பர் மூவரும் அமைத்த அணுவிசை நுண்ணோக்கியே இத்தடையை நீக்கியது. இதில் வளையும் சிறு தகடொன்றின் நுனியில், சில நானோமீட்டரே கூர்மையுடைய முனை உண்டு. அம்முனை பரப்பை வருடும்போது தகடு மேலும் கீழும் வளையும். தகட்டின் முதுகில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளி அவ்வளைவைப் பதிவு செய்யும்.

மென்மையான இரப்பரை முனை இழுத்துச் சென்றால் படலம் கிழியும். ஆதலால் முனையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரச்செய்து, பட்டும் படாமலும் தட்டச் செய்வர். அதிர்வில் தோன்றும் பின்னடைவு, எவ்விடம் மென்மை, எவ்விடம் கடினம் எனவும் உரைக்கும். கந்தகத்தால் முன்பே பிணைக்கப்பட்ட பாலின் படலத்தில், உலர்ந்த பின்னும் துகள்களின் வரம்புகள் கூழாங்கற்கள் பரப்பியதுபோல் தெரிவதுண்டு.

ஒருமுறை வருடும் பரப்போ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளத்தைத் தாண்டுவதரிது. ஒரு கையுறை முழுவதையும் இவ்வாறு நோக்குவது இயலாது. ஆகவே ஆலைகளில் இன்றும் மாதிரிக் கையுறைகளில் ஒரு லிட்டர் நீரூற்றித் தொங்கவிட்டு, எங்கேனும் துளி கசிகிறதா எனக் கண்ணால் பார்க்கின்றனர்.