ஒளிப்படமும் அழுகை மெய்ப்பாடும்: தாது வருடப் பஞ்சப் படங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

துன்புறுவோரின் ஒளிப்படம் காண்போரிடத்து எப்போதும் இரக்கத்தைத் தோற்றுவிப்பதில்லை. சில வேளைகளில் அருவருப்பையும் விலகலையும் தோற்றுவிக்கிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் அழுகை, இளிவரல் ஆகியவற்றின் நிலைக்களன்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. 1876–78 ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் நிகழ்ந்த பெரும்பஞ்சத்தை வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த படங்கள் முதன்மைச் சான்றாகின்றன. 2015ஆம் ஆண்டு வெளிவந்த சிரியக் குழந்தையின் படமும், பெருந்தலைச் சாத்தனாரின் புறநானூற்றுப் பாடல் ஒன்றும் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, அழுகை, இளிவரல், அசைவு, கண்ணோட்டம், ஒளிப்படம், தாது வருடப் பஞ்சம்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் பஞ்ச இலக்கியம் குறித்த கருத்தரங்க அமர்வு ஒன்றில், கட்டுரையாளர் தம் உரைக்கிடையே ஹூப்பரின் படம் ஒன்றைத் திரையில் காட்டினார். விலா எலும்புகள் எண்ணத்தக்கனவாகத் தெரிய, பெரியோரும் சிறாருமாகச் சிலர் ஒளிப்படக் கருவியை நோக்கி அமர்ந்திருந்தனர். அரங்கில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். கட்டுரையாளர் சினந்து உரையை நிறுத்தினார். சிரித்தவர் என் வகுப்புத் தோழர்; கொடியவர் அல்லர். ஏன் சிரித்தார் என்பதை அவராலும் சொல்ல இயலவில்லை.

துன்பத்தைக் காட்டும் படம் தன்னளவிலேயே இரக்கத்தைப் பிறப்பிக்கும் என்னும் எடுகோள் நம்மிடம் ஆழ வேரூன்றியுள்ளது. நூல்களின் அட்டைகளிலும் நினைவு மலர்களிலும் பஞ்சப் படங்கள் எவ்விதக் குறிப்புமின்றி அச்சிடப்படுவது இவ்வெடுகோளின் வழியே ஆகும். அன்று அரங்கில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. திரும்பிய முகங்களையும் அந்தச் சிரிப்பையும் காண்போரின் குறையாகக் கருதி ஒதுக்காமல், படத்துக்கும் காண்போருக்கும் இடையே எது நிகழாமற் போயிற்று என்று வினவுவதே இங்கு நோக்கம்.

மெய்ப்பாடும் காண்போரும்

மெய்ப்பாட்டியல் காட்சியை அடிப்படையாகக் கொண்ட இயல். உணர்வை உற்றவனிடத்து நிகழ்ந்தது காண்பவனைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்னும் செயிற்றியத்தின் கருத்தை இளம்பூரணர் தம் உரையில் எடுத்துக்காட்டுகிறார். பேராசிரியரும் உள்ளத்தில் நிகழ்வது புறத்தார்க்குப் புலனாகுமாறு வெளிப்படுதலை மெய்ப்பாடு என விளக்குகிறார். கூத்தை மனத்திற்கொண்டு சொல்லப்பட்ட இக்கருத்துகளை ஒளிப்படத்துக்குப் பொருத்துவதில் ஒரு தடை உண்டு. கூத்தன் நடிக்கிறான், படத்தில் இருப்பவர் நடிப்பவர் அல்லர். எனினும் ‘உற்றவன், காண்பவன்’ என்னும் இருவரிடை உறவு இரண்டிடத்தும் ஒன்றே. ஆகவே அந்த அளவில் இப்பொருத்தம் ஏற்கத்தக்கது.

அழுகைக்குப் பேராசிரியர் எழுதும் விளக்கம் நம் வினாவுக்கு மிக நெருக்கமானது. அவலத்தை அவர் இரண்டாகப் பகுக்கிறார்: தானே அவலித்தல் ஒன்று, பிறர் அவலம் கண்டு அவலித்தல் மற்றொன்று. இவற்றுள் ஒன்றைக் கருணை என்றும் ஒன்றை அவலம் என்றும் பிரித்துச் சுவையை ஒன்பதாக எண்ணுவதும் உண்டு என்கிறார். இன்று ‘ஒத்துணர்வு’ என்று நாம் மொழிபெயர்த்து வழங்கும் கருத்தின் பெரும்பகுதி இப்பகுப்பின் இரண்டாம் கூறில் அடங்கிவிடுகிறது.

அழுகைக்கு நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. அதனை அடுத்து வைக்கப்பட்ட இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு. இவ்விரு தொகுதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகும். இளிவரலின் நிலைக்களன்கள் உடலின் மேல் தெரிபவை. நரையும் நோயும் தளர்வும் மெலிவும் கண்ணுக்கு நேரே புலப்படும்; அவற்றை அறிய வேறு செய்தி வேண்டா. அழுகையின் நிலைக்களன்களோ உடலில் மட்டும் தெரிவன அல்ல. இழவு என்பது தாய் தந்தை முதலிய சுற்றத்தையும் இன்பம் தருவனவற்றையும் இழத்தல். இழந்தது இன்னது என அறியாதவன் இழவைக் காண இயலாது. அசைவு என்பது, பேராசிரியர் உரைப்படி, பண்டை நிலை கெட்டு வேறொரு நிலையை அடைந்து வருந்துதல். பண்டை நிலை தெரியாதவனுக்கு அசைவு இல்லை. வறுமையைக்கூட அவர் வெறும் இல்லாமையாகக் கொள்ளாமல், துய்க்கப் பெறாத உள்ளத்தின் பற்று எனக் கொள்வது குறிப்பிடத்தக்கது. இளிவரலின் மென்மையை நல்குரவாகப் பொருள்கொள்வதும் உண்டு. அவ்வாறாயின் ஒரே இல்லாமை, உடலளவில் காணப்படும்போது இளிவரலாகவும், உள்ளத்தின் பற்றோடு சேர்த்து அறியப்படும்போது அழுகையாகவும் ஆகிறது.

இதிலிருந்து பெறப்படும் கருத்து இதுவே: ஒளிப்படம் ஒரு கணத்தின் உடலைக் காட்டுகிறது. அக்கணத்துக்கு முற்பட்ட நிலையை அது காட்டுவதில்லை. ஆதலின் துன்புறும் உடலின் படம், பிற துணையின்றி விடப்படும்போது, இளிவரலை நோக்கிச் சாய்வது இயல்பு. முந்தைய நிலையின் சுவடு படத்துக்குள்ளோ படத்தை அடுத்தோ கிடைக்கும்போதுதான் அது அழுகையாகிக் கருணையாகிறது.

ஹூப்பரின் படங்கள்

ஹூப்பர் (1837–1912) சென்னைக் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தவர். இந்திய மக்களைச் சாதி, தொழில் வகைமைகளாகப் படம்பிடித்துத் தொகுத்த ‘இந்திய மக்கள்’ என்னும் அரசுத் தொகுதிகளுக்கும் (1868–75) படங்கள் அளித்தவர். பஞ்சப் படங்களைப் பார்க்கும்போது இப்பின்னணியை மறத்தல் ஆகாது. வகைமைப் படத்துக்குப் பெயர் வேண்டா, உடல் போதும். பஞ்சப் படங்களிலும் அதே முறை தொடர்கிறது. உருவங்கள் குழுவாக, முன்னோக்கி, உடல் முழுதும் தெரியும்படி வைக்கப்பட்டுள்ளன. யார், எவ்வூர், என்ன தொழில் செய்தவர், குழுவில் உள்ளோர் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பன நமக்குத் தெரியவில்லை. அக்காலத்துக் கண்ணாடித் தகட்டு முறையில் படத்துக்கு அமர்வோர் அசையாதிருத்தல் வேண்டும். பசியால் நிற்கவும் இயலாதோரை ஒழுங்குபடுத்தி, அசையாதிருக்கச் செய்து எடுத்த படங்கள் இவை என்பதை எண்ணும்போது, அவ்வமைதியே உறுத்துகிறது.

வீடு இல்லை, அடுப்பு இல்லை, ஏர் இல்லை, நல்ல துணி இல்லை. இவர்கள் முன்பு எவ்வாறு இருந்தனர் என்பதைச் சொல்லும் பொருள் எதுவும் சட்டகத்துக்குள் இல்லாமையால், இவர்கள் எப்போதும் இவ்வாறே இருந்தனர் போலும் என்ற மயக்கம் காண்போருக்கு நேர்கிறது. காரணமும் படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் நிவாரணப் பணியாளரின் நாள் உணவை ஒரு பவுண்டுத் தானிய அளவுக்குக் குறைக்கச் செய்தார். இச்செய்தியை அறிந்தபின் அதே படத்தைப் பார்ப்பவர், மெலிந்த உடலோடு ஓர் அரசாணையையும் சேர்த்தே பார்க்கிறார். அறியாதவர் உடலை மட்டும் பார்க்கிறார். ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று கணிக்கப்படும் பஞ்சம் இது. அவ்வெண்ணும் ஒரு முகத்தை நமக்கு அறிமுகப்படுத்துவதில்லை.

என் தோழரின் சிரிப்பை இங்கு மீண்டும் நினைக்கிறேன். நகையின் நிலைக்களன்களுள் முதலாவதான எள்ளல் அதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இளிவரலைத் தாங்க இயலாத உள்ளம், அழுகைக்குச் செல்லும் வழியும் கிடைக்காமல், அருகிருந்த வேறொரு மெய்ப்பாட்டில் ஒதுங்கியது என்றே கொள்கிறேன்.

ஒரு காலணியும் ஓர் அடுப்பும்

2015 செப்டம்பர் 2ஆம் நாள் துருக்கியின் போட்ரம் அருகே கடற்கரையில் இறந்து ஒதுங்கிய சிரியக் குழந்தையை நிலூஃபர் டெமிர் எடுத்த படம் உலகெங்கும் பரவியது. அதற்குள் சிரியப் போரில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். பால் சுலோவிக்கும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிரிய ஏதிலியருக்காகச் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய நிதிக்கு நாள்தோறும் வந்த நன்கொடைகளின் சராசரி எண்ணிக்கை, படம் வெளிவந்த வாரத்தில் முந்தைய வாரத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. சில வாரங்களில் அது மீண்டும் தாழ்ந்தது என்பதையும் அவர்கள் பதிவு செய்துள்ளனர்.

ஒற்றை உருவம் என்பதால் இரக்கம் மிகுந்தது என்பது உளவியலார் தரும் விளக்கம். அது சரியே, எனினும் போதாது. ஹூப்பரின் படத்திலிருந்து ஓர் உருவத்தை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டினாலும் இதே விளைவு நேரும் எனச் சொல்ல இயலுமா? சிரியக் குழந்தை சிவப்புச் சட்டையும் நீலக் காற்சட்டையும் அணிந்திருந்தது. காலணிகளின் அடிப்பக்கம் படத்தில் தெரிகிறது. யாரோ ஒருவர் அன்று அக்குழந்தைக்குக் காலணி மாட்டிவிட்டிருக்கிறார். பண்டை நிலை சட்டகத்துக்குள்ளேயே இருக்கிறது. விளக்கக் குறிப்பு இன்றியே அசைவும் இழவும் அங்குப் புலப்படுகின்றன.

இவ்விடத்தில் திருக்குறளின் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்துக்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் பயன்படும். இரக்கத்தைக் குறிக்கத் தமிழ் கொண்ட இச்சொல்லே காட்சியிலிருந்து பிறந்தது. ஒருவர்மேல் கண் செல்லும்போது நிகழ்வதால் இப்பெயர் பெற்றது என்கிறார் அவர். ஆனால் எவர்மேல் கண் சென்றாலும் அது நிகழும் என்று அவர் சொல்லவில்லை. தன்னொடு பயின்றாரைக் கண்டவிடத்து நிகழ்வதாகவே வரையறுக்கிறார். பயிற்சி இன்றிக் கண்ணோட்டம் இல்லை. சிரியக் குழந்தையை அறியாத கோடிக் கணக்கானோர் எதனோடு பயின்றிருந்தனர் எனில், குழந்தைக்குக் காலணி மாட்டும் செயலோடு எனலாம். ஆள் பழக்கம் இல்லாத இடத்தில் பொருட் பழக்கம் அவ்விடத்தை நிரப்பியது.

பெருந்தலைச் சாத்தனார் குமணனை நோக்கிப் பாடிய புறநானூற்று 164ஆம் பாடல் இதனை இன்னும் நுட்பமாகச் செய்கிறது. வறுமையைச் சொல்லப் புகும் புலவர் மெலிந்த உடலிலிருந்து தொடங்கவில்லை. காளான் பூத்த அடுப்பிலிருந்து தொடங்குகிறார். அவ்வடுப்பு முன்பு சமைத்தது, இப்போது அத்தொழிலை மறந்துவிட்டது என்ற குறிப்பே அசைவை நிறுவிவிடுகிறது. அதன்பின்னரே பசி, பாலற்ற மார்பு, குழந்தையின் அழுகை ஆகியன வருகின்றன. உடலின் மெலிவு இங்கும் சொல்லப்படுகிறது. ஆனால் அடுப்பைக் கண்டபின் வருவதால் இளிவரலாக மாறுவதில்லை. மேலும் இப்பாடலில் பார்வை ஒரு தொடராக அமைகிறது. தாய் குழந்தையின் முகத்தை நோக்குகிறாள். புலவர் மனைவியின் துயரை நோக்குகிறார். நோக்கியவர் குமணனை நினைந்து வருகிறார். துன்பம் ஒவ்வொரு கண்ணாகக் கடந்து கொடுப்பவனை அடைகிறது. (அக்குமணனும் அப்போது நாடிழந்து காட்டில் இருந்தவன் என்பது பாடலின் அவலத்தை மிகுவிக்கிறது, அசைவுற்றவனிடமே அசைவு முறையிடப்படுகிறது.) ஹூப்பரின் படத்தில் அமர்ந்தோர் ஒருவரையொருவர் நோக்கவில்லை; கருவியை நோக்குமாறு அமர்த்தப்பட்டுள்ளனர். அவர்களுக்காக நம்மிடம் வந்து நிற்கும் இடையாள் ஒருவரும் இல்லை.

மறுப்பும் விளக்கமும்

ஹூப்பரின் படத்தைக் கண்டு உள்ளம் உருகுவோரும் உளரே என்று மறுக்கலாம். உண்மை. எங்கள் வீட்டில் உணவை வீணாக்கும் குழந்தையைக் கடியும்போது ‘தாது வருசத்துல கெடச்சுதா இது’ என்பார் என் பாட்டி. அவரும் அப்பஞ்சத்தைக் கண்டவர் அல்லர். தம் முன்னோர் சொல்லக் கேட்டவர். அச்சொல்லோடு வளர்ந்த ஒருவர் இப்படத்தைப் பார்க்கும்போது பண்டை நிலையைத் தாமே கொண்டுவந்து சேர்க்கிறார். ஆகவே இம்மறுப்பு நம் கருத்தைக் குலைப்பதில்லை. பயிற்சி படத்துக்குள் இருக்கலாம், படத்தின் அடிக்குறிப்பில் இருக்கலாம், காண்போரிடத்தும் இருக்கலாம். எங்கும் இல்லாதபோதுதான் முகம் திரும்புகிறது.

துயரப் படங்கள் மீண்டும் மீண்டும் காணப்படுவதால் உணர்வு மழுங்கும் என்று 1977இல் எழுதிய சூசன் சாண்டாக், 2003இல் வெளிவந்த நூலில் அக்கருத்தைத் தாமே ஐயுற்று மறுபரிசீலனை செய்தார். மழுங்குதல் குறித்த இவ்விவாதத்தில் அளவே, அதாவது எத்தனை முறை பார்க்கிறோம் என்பதே, பெரிதும் பேசப்படுகிறது. மெய்ப்பாட்டியல் வழி நோக்கினால் வினா வேறாகிறது. பலமுறை பார்த்ததால் கருணை மழுங்கிற்றா, அல்லது முதன்முறையே இளிவரலாகத்தான் பிறந்ததா என்று கேட்க வேண்டியுள்ளது.

இதற்கு நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. பஞ்சப் படங்களை மறுபதிப்புச் செய்யும் நம் நூல்களில் ஆண்டும் எடுத்தவர் பெயரும்கூடப் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. படத்திலுள்ளோரின் பெயர்களை இனி நாம் மீட்பது அரிது. ஆனால் அவ்வாண்டுகளின் நிவாரண உணவு அளவு, விளைச்சல் பொய்த்த வட்டங்கள், பஞ்சத்துக்கு முன் அங்கு விளைந்த தானியங்கள் ஆகியவற்றை அடிக்குறிப்பாக இடுதல் இயலும். தாது வருடத்தைப் பாடிய கும்மிகளும் வில்லியப்பப் பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுகவிலாசமும் இப்படங்களோடு ஒருங்கு வைத்து இதுவரை போதிய அளவு படிக்கப்படவில்லை. படம் காட்டாத அடுப்பை அப்பாடல்களில் தேடுவது என் ஆய்வின் அடுத்த பகுதியாக அமைகிறது.