உருக்குத் தகடும் அதன் உரைகல்லும்



பொன்னின் தரத்தை அறியப் பொற்கொல்லரிடம் உரைகல் இருக்கின்றது. நாம் நாள்தோறும் நம்பிக் கடக்கும் பாலத்தின் தரத்தை எவ்வாறு அறிவது? எல்பே ஆற்றினால் இரு கூறாகப் பிரிக்கப்பட்ட இந்த டிரெஸ்டன் நகரில் வாழும் நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் பாரந்தூக்கிகளுக்கும் பயன்படும் உருக்குத் தகடு எவ்வாறு சோதிக்கப்படுகின்றது என்பதை இக்கட்டுரை சுருக்கமாக விளக்குகின்றது.

1. பெயரிலேயே வலிமை

இரும்புடன் சிறிதளவு காபன் சேர்ந்த கலப்புலோகமே உருக்கு ஆகும். கட்டுமான உருக்கில் காபன் நூற்றுக்கு ஏறத்தாழ 0.2 பங்கு மட்டுமே. ஐரோப்பிய நியமப்படி இத்தகடுகள் எஸ் 355, எஸ் 690 என்றவாறு பெயர் பெறுகின்றன. நிரந்தரமாக நீண்டுவிடாமல் ஒரு சதுர மில்லிமீற்றர் பரப்புத் தாங்கக்கூடிய இழுவிசையை அவ்வெண் நியூற்றனில் குறிக்கின்றது. தகடு தடிக்கும்போது இப்பெறுமானம் சற்றுக் குறையும்.

ஒரு சென்ரிமீற்றர் அகலமும் ஒரு சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள எஸ் 355 துண்டு 35,500 நியூற்றனைத் தாங்கும். இது ஏறத்தாழ 3.6 தொன் நிறைக்குச் சமம். அதே அளவான எஸ் 690 துண்டு ஏறத்தாழ 7 தொன்னைத் தாங்கும். இத்தகைய உயர்வலிமைத் தகட்டை ஏறத்தாழ 900 பாகை வரை சூடாக்கி, நீரில் விரைவாகக் குளிர்வித்து, மீண்டும் அளவாகச் சூடாக்குவர். நம் ஊர்க் கொல்லர் கத்தியைக் காய்ச்சித் தோய்ப்பதும் இதே அடிப்படையில்தான்.

2. இழுத்துப் பார்த்தல்

தாயகத்தில் பௌதிகம் கற்பித்த காலத்தில், சுருள்வில்லில் படிகளைத் தொங்கவிட்டு மாணவருக்கு நீட்சியை அளந்து காட்டுவது வழக்கம். படியை எடுத்தால் வில் பழைய நிலைக்கு மீளும். எல்லை மீறினால் மீளாது. உருக்கும் அவ்வாறே. தகட்டிலிருந்து வெட்டிய துண்டைப் பொறியில் பூட்டி அறும்வரை இழுப்பர். எப்போது மீளாத நிலை வந்தது, எப்போது அறுந்தது, அறுவதற்கு முன் எவ்வளவு நீண்டது என மூன்றையும் குறிப்பர்.

மூன்றாவதை நாம் மறந்துவிடலாகாது. எஸ் 355 நூற்றுக்கு 22 பங்காவது நீளவேண்டும். எஸ் 690 இற்கு 14 பங்கு போதும். வலிமை கூடக்கூட நீளும் இயல்பு குறைகின்றது. நீளுதல் என்பது முறிவதற்கு முன் உருக்குத் தரும் எச்சரிக்கை ஆகும்.

3. குளிரில் அடித்துப் பார்த்தல்

1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போட்லன்ட் நகரில், துறையில் அமைதியாக நின்ற ஸ்கெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் திடீரென இரண்டாகப் பிளந்தது. புயலோ மோதலோ நிகழவில்லை. சாதாரண வெப்பநிலையில் வளைந்து கொடுக்கும் உருக்குச் சில வேளைகளில் குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும் என்பதை இத்தகைய விபத்துக்கள் உலகிற்கு உணர்த்தின.

இதனை அறிய உதவுவது ஷார்ப்பி சோதனை. 10 மி.மீ. சதுர முகமும் 55 மி.மீ. நீளமும் உள்ள துண்டில் 2 மி.மீ. ஆழத்திற்கு ஒரு கூரிய பள்ளம் வெட்டி, குளிரூட்டி, ஊசல் சம்மட்டியால் அடித்து உடைப்பர். எஸ் 355 ஜே 2 என்னும் தகடு, பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையிலும் உடைவதற்கு 27 யூல் சக்தியையாவது உள்வாங்க வேண்டும். ஒரு கிலோகிராம் நிறை 2.75 மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது தரும் சக்தி இது.

4. கண்ணுக்குத் தெரியாதவை

உருட்டித் தகடாக்கும்போது உள்ளே அகப்பட்ட மாசுகள் தட்டையாகி மறைந்திருக்கும். மருத்துவர் உடலினுள்ளே பார்ப்பதுபோல மீயொலியைச் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியால் அவற்றைக் கண்டறிவர். வெல்டிங் செய்யும்போது ஈரத்திலிருந்து ஐதரசன் உருக்கினுள் புகுந்தால், பல மணி நேரம் கழித்தும் வெடிப்புத் தோன்றலாம். ஆகவே உயர்வலிமைத் தகடுகளின் இணைப்பைக் குறித்த நேரம் காத்திருந்த பின்னரே இறுதியாகச் சோதிப்பர்.

5. டிரெஸ்டன் தரும் பாடம்

'நீல அதிசயம்' என நாம் அழைக்கும் லோஷ்விற்ஸ் பாலம் உருக்கினால் ஆனது. 1893 ஜூலையில், திறப்பதற்கு முன், நீராவி உருளைகளையும் கல்லேற்றிய ட்ராம் வண்டிகளையும் மனிதர்களையும் அதன் மேல் நிறுத்தி, 150 தொன்னுக்கும் மேற்பட்ட பாரத்தால் அதனைச் சோதித்தனர். அது இன்றும் நிற்கின்றது.

கரோலா பாலமோ 1971 இல் திறக்கப்பட்டு, 2024 செப்டெம்பர் 11 அதிகாலையில் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. கடைசி ட்ராம் வண்டி கடந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன, உயிரிழப்பு நேரவில்லை. அங்கு முறிந்தது தகடன்று. கொங்கிறீற்றினுள் இழுத்துக் கட்டப்பட்ட உயர்வலிமை உருக்குக் கம்பிகள். கட்டிய காலத்திலேயே ஈரத்தினால் உண்டான அரிப்பும் ஐதரசனும் நுண்வெடிப்புக்களை விளைத்து, அவை பல்லாண்டுகளாக வளர்ந்தன என ஆய்வு கண்டது. எனவே, பிறக்கும்போது பெற்ற சான்று வாழ்நாள் முழுவதற்கும் போதாது. கட்டும்போது காத்தலும், கட்டிய பின் தொடர்ந்து கவனித்தலும் வேண்டும்.

6. எண் இழந்த துண்டு

ஒவ்வொரு தகட்டிலும் அது உருகிய உலைவார்ப்பின் எண் பொறிக்கப்படும். ஆலையின் சோதனைச் சான்றிதழிலும் அதே எண் இருக்கும். தகட்டை வெட்டுமுன் அவ்வெண்ணை ஒவ்வொரு துண்டிற்கும் மாற்றிப் பொறிக்க வேண்டும். எண் இழந்த துண்டு எவ்வளவு நல்லதாயினும், புதிதாகச் சோதிக்காமல் பாலத்திற்கு ஏற்கமாட்டார்கள். பிறந்த ஊரின் சான்றிதழ்களைக் கைவிட்டு வந்து, கற்றதை மீண்டும் மெய்ப்பிக்க நேர்ந்த நம் பெற்றோர் பலருக்கு இது நன்கு விளங்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டுமே படிப்பென எண்ணாதீர்கள். இந்நாட்டில் 'வேர்க்ஸ்டொஃப்புரூஃபர்' எனப்படும் பொருட்சோதனையாளர் தொழிலுக்கு மூன்றரை ஆண்டுப் பயிற்சி உண்டு. தவறான தகட்டைத் தவறென்று எழுதிக் கையொப்பமிடும் நேர்மை அத்தொழிலின் உயிர். அவர்தம் கையொப்பத்தை நம்பியே நம் பிள்ளைகள் ஆற்றைக் கடக்கின்றனர்.

பயிற்சி வினாக்கள்

1. 20 மி.மீ. அகலமும் 10 மி.மீ. தடிப்பும் உள்ள எஸ் 355 துண்டு எத்தனை நியூற்றனைத் தாங்கும்?
2. வலிமை மிகுந்த உருக்கே எப்போதும் சிறந்த உருக்கு எனலாமா? காரணம் கூறுக.
3. உமது வீட்டிற்கு அண்மையிலுள்ள பாலம் எப்பொருளால் ஆனது? எந்த ஆண்டில் கட்டப்பட்டது? கேட்டறிந்து எழுதுக.