துவக்குக் குழலிற் படியும் ஈயமும் கரியும்: நீக்கும் முறை

காட்டுப் பன்றிகளிடமிருந்து நெல்வயலையும் மரக்கறித் தோட்டத்தையும் காக்கும்பொருட்டுக் கமக்காரர் சிலர் அனுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கு வைத்திருக்கின்றனர். மண்வெட்டியைப் போன்று அதையும் துப்புரவாக வைத்திருத்தல் வேண்டும். ஆயினும் மண்வெட்டியில் ஒட்டுவது மண். துவக்கில் ஒட்டுவது நஞ்சு. ஆகவே துப்புரவு செய்யும் முறையிற் கவனம் இன்றியமையாதது.

படிவு உண்டாகும் விதம்

வெடிமருந்து எரிவதாற் கரி படிகிறது. ஈயச் சன்னங்கள் குழலின் உட்சுவரில் உராய்வதால் மெல்லிய ஈயப் பூச்சு உண்டாகிறது. தோட்டாவின் அடியிலுள்ள எரியூட்டியிலும் பெரும்பாலும் ஈயச் சேர்வை இருப்பதால், கரியும் ஈயம் கலந்ததே. தோட்டா அறைக்கு முன்னே குழல் ஒடுங்கும் இடத்திலும், குழல்வாயிற் பொருத்தும் ஒடுக்கியிலும் படிவு மிகுதி. கழற்றக்கூடிய ஒடுக்கிகள் பெரும்பாலும் கறையில் உருக்கினால் ஆனவை. கரி எண்ணெயில் இளகும். ஈயம் எண்ணெயிற் கரையாது. அதனைத் தேய்த்தே நீக்கல் வேண்டும்.

செய்யும் முறை

1. துவக்கில் தோட்டா இல்லையென்பதை முதலிற் கண்ணாற் பார்த்து உறுதிசெய்க. தோட்டாக்களை வேறிடத்தில் வைக்க.

2. வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்திற் கையுறை அணிந்து வேலை செய்க. அருகில் நெருப்பு, பீடி, உணவு, சிறுவர் இருத்தலாகாது.

3. ஒடுக்கியைக் கழற்றி, துவக்கு எண்ணெயிலோ மண்ணெண்ணெயிலோ சில மணி நேரம் ஊறவிடுக.

4. வெண்கலத் தூரிகையிற் செப்புக் கம்பிச் சுருளைச் சுற்றித் தேய்க்க. செம்பு ஈயத்திலும் வன்மையானது, உருக்கிலும் மென்மையானது. காந்தத்தில் ஒட்டும் சுருள் செம்பன்று, அதனை விலக்குக.

5. குழலைத் தோட்டா அறைப் பக்கமிருந்து வாய்ப்பக்கமாகத் தேய்க்க. தூசி எழாதவாறு எப்போதும் எண்ணெய் ஈரத்துடன் தேய்த்தல் வேண்டும்.

6. துணியாற் பலமுறை துடைத்து, மெல்லிதாக எண்ணெய் பூசுக. குழலினுள் துணித்துண்டு எதுவும் தங்கவில்லையெனப் பார்த்தபின்னரே ஒடுக்கியைப் பொருத்துக. ஒடுக்கியின்றிச் சுட்டாற் குழலின் புரி பழுதாகும்.

செய்யத்தகாதவை

வினாகிரியையும் ஐதரசன் பரவொட்சைட்டையும் கலந்து ஊறவைப்பதால் ஈயம் விரைவில் அகலும். ஆனால் அஃது அழிவதில்லை. நீரிற் கரையும் நச்சு உப்பாக மாறுகிறது. அந்நீரை ஊற்றிய மண்ணும் கிணறும் கெடும். குளோரீன் கலந்த வெளிற்றுந் தூள் கறையில் உருக்கிலும் குழிகளை உண்டாக்கும். வினாகிரியுடன் சேர்ந்தால் நச்சு வாயுவை வெளிவிடும். இரும்புத் தூரிகை உருக்கைக் கீறி, தன் துகள்களை விட்டுச் செல்வதாற் கறள் உண்டாகும். ஈயம் நீக்கும் உரைதுணியைக் கறையில் உருக்கில் மட்டும் பயன்படுத்தலாம். கருநீலப் பூச்சிட்ட குழலில் அப்பூச்சை அது அகற்றிவிடும்.

வேலை முடிந்தபின்

அழுக்குத் துணிகளையும் எண்ணெயையும் மூடியுள்ள தகரப் பேணியில் இட்டு, அகற்றும் வழியைப் பிரதேச சபையில் விசாரிக்க. அவற்றை எரித்தலும், வாய்க்காலில் வீசுதலும், பாத்திகளருகே புதைத்தலும் ஆகா. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவும்வரை உணவையோ அறுவடை செய்த மரக்கறியையோ தொடலாகாது. உடுத்த துணியைத் தனியே தோய்க்க.

விழுங்கிய ஈயத்தில் வளர்ந்தோர் ஏற்பதைப் போல் நான்கைந்து மடங்கு சிறுவர் உடலிற் சேரும். அது மூளையின் வளர்ச்சியைக் கெடுக்கும். கருவுற்ற தாயிடமிருந்து குழந்தைக்கும் செல்லும். தீங்கற்ற அளவு எனத் தெரிந்த அளவு ஒன்றுமில்லை. வீட்டில் எவருக்கேனும் ஐயமிருப்பின் வைத்தியரிடம் கூறுதல் நன்று; உடலிலுள்ள ஈயத்தை இரத்தப் பரிசோதனையால் அறியலாம்.