ஜேடு கல்: ஒரே பெயரில் இரண்டு சரக்கு

மிளகில் பப்பாளி விதை கலந்து வந்தால் கையில் அள்ளியதும் கண்டுகொள்பவர்கள் நாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் சரக்கு ஒன்றாக இருக்காது என்பதை மளிகை வணிகருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீனர்கள் பொன்னினும் மேலாக மதிக்கும் ஜேடு கல்லின் கதையும் அப்படிப்பட்டதே. சிங்கப்பூர், ஹாங்காங் சென்று வரும் நம் குடும்பத்தார் பச்சை வளையல் வாங்கி வருவதுண்டு. ஆகவே இக்கல்லைப் பற்றி நாம் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு கனிமங்கள்

மரகதம் வேறு, ஜேடு வேறு. ஜேடு என்ற பெயரில் விற்பவையும் இரண்டு கனிமங்கள்: நெஃப்ரைட், ஜேடைட். இவை வெவ்வேறு என்பதை 1863இல் பிரெஞ்சு அறிஞர் அலெக்சி தாமூர் எடுத்துக்காட்டினார். மோஸ் கடினஅளவில் நெஃப்ரைட் 6 முதல் 6.5 வரை; ஜேடைட் 6.5 முதல் 7 வரை. வைரத்தின் அளவு 10. ஆனாலும் நெஃப்ரைட் எளிதில் உடையாது. கயிற்றுப் புரிபோல அதன் நுண்ணிய இழைகள் பின்னிக் கிடப்பதே காரணம். உளியால் செதுக்க வராது. மணல் போட்டுத் தேய்த்துத்தான் பண்டைக்காலத்தில் உருவாக்கினார்கள்.

வரலாறும் மதிப்பும்

யாங்சி ஆற்றின் கழிமுகப் பகுதியில் சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த லியாங்சு மக்கள் ஜேடில் வட்டத் தகடுகள் செய்து, இறந்தவர்களுடன் புதைத்தார்கள். கோட்டான் நகரின் ஆறுகளில் பொறுக்கிய நெஃப்ரைட் கற்கள் பாலைவனம் கடந்து சீனம் சென்றன. வழியிலிருந்த யூமென் கணவாய்க்கு ‘ஜேடு வாயில்’ என்பதே பொருள். கி.மு. 113இல் இறந்த லியூ ஷெங் என்ற சிற்றரசருக்கு 2498 ஜேடுத் துண்டுகளைத் தங்கக் கம்பியால் தைத்து உடையாக அணிவித்தார்கள். உடல் அழியாது என்பது நம்பிக்கை. 1968இல் கல்லறையைக் கண்டபோது உடல் அழிந்திருந்தது, கல் இருந்தது.

பச்சை நிற ஜேடைட் பர்மாவின் கச்சின் பகுதியிலிருந்து 18ஆம் நூற்றாண்டில்தான் சீனத்துக்குப் பெருமளவில் வந்தது. இன்று விலை உயர்ந்தது அதுவே.

தராசு சொல்லும் உண்மை

கல்லைக் காற்றில் ஒருமுறை, நூலில் கட்டி நீருக்குள் மூழ்கவிட்டு ஒருமுறை எடை பார்க்க வேண்டும். காற்றில் 30 கிராம், நீரில் 21 கிராம் என்றால் குறைவு 9 கிராம். 30ஐ 9ஆல் வகுத்தால் 3.33 வரும், ஜேடைட்டின் அடர்த்தி இதுவே. நெஃப்ரைட் 2.95 அளவில் இருக்கும். 2.6 அளவில் வந்தால் ஜேடு என்று விற்கப்படும் வேறு கல்லாக இருக்கலாம்.

இதிலும் பிடிபடாத ஏமாற்று உண்டு. அமிலத்தில் ஊறவைத்துக் கறை நீக்கி, உள்ளே பிசின் ஏற்றியது ‘பி’ ரகம். சாயம் ஏற்றியது ‘சி’ ரகம். இயற்கையானது ‘ஏ’ ரகம். பிசினும் சாயமும் நாளடைவில் மங்கும். ஆய்வுக்கூடச் சான்றிதழ் கேட்க வேண்டும். பில்லிலும் ரகத்தை எழுதி வாங்க வேண்டும்.

ஜேடின் குறை அதன் அழகை மறைப்பதில்லை, அழகு குறையை மறைப்பதில்லை. அதுவே நேர்மை என்று கன்பூசியஸ் கூறியதாகப் பழைய சீன நூல் சொல்கிறது. அந்தக் கல்லையே அமிலமிட்டுக் குறை மறைத்து விற்கிறார்கள். பழைய அரிசியோ புது அரிசியோ, உள்ளதைச் சொல்லி விற்போம். கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டென்றால், சொல்லி விற்கும் கடமையும் நமக்கு உண்டு.